சிகிச்சைக்குப் பின்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பினால், "கண்டம் கழிந்தது" என்று சுற்றத்தார் மகிழ்கின்றனர். மகிழ வேண்டியதே. ஆயினும் சிகிச்சை முடிவதும் நோயின் விளைவுகள் முடிவதும் ஒரே நாளில் நிகழ்வன அல்ல.

தாமே புற்றுநோய்க்கு ஆளாகித் தேறிய அமெரிக்க வைத்தியர் பிட்ஸ்ஹியூ முல்லன், 1985ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வாழ்வை மூன்று பருவங்களாக வகுத்தார். சிகிச்சை பெறும் காலம் முதலாவது. களைப்போடும் அச்சத்தோடும் காத்திருக்கும் காலம் இரண்டாவது. நோய் மீளும் அபாயம் வெகுவாகக் குறைந்த காலம் மூன்றாவது. நடுப்பருவத்திலேதான் துணை குறைகிறது. வைத்தியரும் தாதியரும் அருகில் இலர். அயலாரோ குணமாகிவிட்டதென்று எண்ணுகின்றனர்.

இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்று. வெற்றிலை போடும் தோட்டப் பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை. வட்டவளையிலிருந்து மகரகமைக்குச் சென்று, வாரக்கணக்கில் கதிர்ச்சிகிச்சை பெற்றுத் திரும்பும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். உமிழ்நீர்ச் சுரப்பிகள் தாக்கப்படுவதால் அவருக்கு வாய் வறள்கிறது. தாடையும் இறுகுகிறது. நம் வீட்டு ரொட்டியும் உறைப்பான சம்பலும் அவருக்கு ஒவ்வா. கஞ்சியும் பருப்பும் கீரை மசியலும் தனியே ஆக்கித் தருதல் வேண்டும். வாய் திறக்கும் பயிற்சி நாள்தோறும் நடைபெற வேண்டும். பல் பிடுங்க நேர்ந்தால், கதிர்ச்சிகிச்சை பெற்ற செய்தியைப் பல் வைத்தியரிடம் முன்னரே சொல்ல வேண்டும். இல்லையேல் தாடையெலும்பில் ஆறாப் புண் உண்டாகலாம்.

களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கும். அது சோம்பல் அன்று. வட்டவளை மழையில் மலையேறிக் குறித்த நிறைக் கொழுந்து கொய்தாலன்றி முழுப்பேர் கிட்டாது. "அரைப்பேருக்கேனும் போகலாமே" என்று வீட்டார் கேட்பது வறுமையின் குரல். அதனைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால், தேறாத உடம்பை மலைக்கு அனுப்புவதைவிட, சில காலம் இலகுவான வேலை தருமாறு தோட்டத் துரையிடம் அவர் பொருட்டுக் கேட்பதே நலம். தமக்கென்று கேட்க அவர் நாணுவார், வீட்டார் கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டை நீட்டுவது நம் பண்பாடு. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் உரைக்கிறது. மீண்டும் மெல்பவருக்கு வாயில் மற்றொரு புற்றுத் தோன்றும் அபாயம் மிகுதி. "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்துபவர் அன்பினாலேயே தீங்கு செய்கிறார். அத்தகையவர் வீட்டில் ஏனையோரும் வெற்றிலையைத் துறப்பதே அவருக்குச் செய்யும் பேருதவி.

மாணவர்களுக்கும் இதிற் பங்குண்டு. நோய் மீள்வது பெரும்பாலும் முதல் இரண்டாண்டுகளிலேதான். ஆதலால் ஒரு கிளினிக் தவணையேனும் தவறலாகாது. பெரியோர் வாசிக்க இயலாத அட்டையை வாசித்து, திகதியைச் சுவரில் எழுதி வைத்து, அன்று உடன் செல்லும் பிள்ளை, படித்த படிப்பின் பயனை லயத்துக்கே காட்டியவனாவான்.