குட்டையில் மீன் வளர்ப்போம்

வெலிங்டன் ஏரி நிரம்பாத ஆண்டிலும், திட்டக்குடிப் பகுதி உழவர் குடும்பங்களாகிய நமக்குப் பண்ணைக்குட்டை கைகொடுக்கும். ஐப்பசி மழையில் நீர் தேங்கியதும், முதலில் விரால், கெளுத்தி முதலியவற்றை வலையிட்டு அகற்றுவோம். இன்றேல் குஞ்சுகள் அவற்றிற்கு இரையாகும். பின்னர் விரல் நீளம் வளர்ந்த கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுவோம். கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிர்கால் அடியிலும் இரை தேடுவதால் அவற்றினிடையே பூசல் இல்லை.

ஆயினும் சென்ட்டுக்கு 40 குஞ்சுகளே மேல்வரம்பு. ஆசை மிகுந்து இரட்டிப்பாய் விட்டால், வைகறையில் உயிர்வளி குன்றி, மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவிக்கும். ஓரிரவிலேயே அனைத்தும் மடிவதும் உண்டு. அளவோடு விட்டுத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் இட்டு வந்தால், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் இல்லத்திற்கும் அயலாருக்கும் மீன் கிட்டும். போதுமென்ற மனமே குட்டையிலும் பொன் செய்யும்.