சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும் ஒரு குறும்படமும்

கல்லூரியில் குறும்பட ப்ராஜெக்ட். பத்து நிமிஷப் படம், ஆறு பேர், ஒரு இரவல் கேமரா. என்ன எடுக்கலாம் என்று பேச உட்கார்ந்தால் காதல், பேய், 'மெசேஜ்' என்று மூன்று கட்சி. நான் மர்மக் கதை என்றேன். "அருப்புக்கோட்டை வெயிலில் என்னடா மர்மம்?" என்று ஒரே சிரிப்பு. அவர்களுக்கான பதில் இது.

முதல் காரணம் காசு. 1954-ல் வந்த 'அந்த நாள்' பாருங்கள். எஸ்.பாலசந்தர் இயக்கியது. பாட்டு, நடனம் எதுவும் கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு இறந்துவிடுகிறார். அப்புறம் சந்தேகத்துக்குரியவர்கள் ஆளுக்கொரு விதமாக நடந்ததைச் சொல்கிறார்கள். அவ்வளவுதான், ஆனால் நகரவிடாது. (முடிவைச் சொல்ல மாட்டேன்!) 2016-ல் 'துருவங்கள் பதினாறு' எடுத்தபோது கார்த்திக் நரேனுக்கும் ஏறக்குறைய நம்ம வயசுதான். என்ன, அந்தப் படத்தில் மழை உண்டு. நாம் மழைக்கு எங்கே போவது? :-)

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். தென் மாவட்டம் என்றாலே சினிமாவில் அரிவாள். பட்டப்பகலில் வெட்டிவிட்டு வசனமும் பேசுவார்கள். யார் வெட்டியது என்ற கேள்விக்கே இடமில்லை. நாமும் அதையே எடுத்தால் நம்ம ஊரை நாமே கேவலப்படுத்துகிற மாதிரி. மர்மக் கதை 'யார், ஏன்' என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல ஊரை உற்றுப் பார்த்தே ஆகவேண்டும்.

என் கதை இதுதான். திருச்சுழி பக்கம் ஒரு சின்னக் கண்மாய். அதிசயமாகத் தண்ணீர் வந்திருக்கிறது. ஒரு ராத்திரி யாரோ மடையைத் திறந்துவிடுகிறார்கள். விடியும்போது பாதித் தண்ணீர் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, ஆனால் வானம் பார்த்த பூமியில் இது கொலைக்குச் சமம். மீன் குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீர் வற்றினால்தான் மீன் பிடிக்க வசதி. கடைமடைக்காரருக்குப் பயிர் காய்கிறது. கரிமூட்டம் போடுபவருக்குக் கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டவேண்டும். ஒருவர்கூட வில்லன் இல்லை, எல்லோருக்கும் காரணம் இருக்கிறது.

ஒரே பயம், கடைசி நிமிஷத்தில் எங்கிருந்தோ ஒருவரைக் கொண்டுவந்து "இவர்தான்" என்று முடித்துவிடுவது. அது ஏமாற்று வேலை. காமர்ஸ்காரர்களுக்குத் தெரியும், இருப்பாய்வு பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில், அதாவது சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போம். ஆனால் அது தற்காலிகம்தான். பிழை எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தியதும் அந்தக் கணக்கு தானாக மூடிக்கொள்ளும். பிழை எப்போதும் ஏட்டுக்குள்தான் இருந்திருக்கும், வெளியிலிருந்து வராது. நல்ல மர்மக் கதையும் அப்படித்தான். திறந்தவர் முதல் காட்சியிலேயே நம் கண் முன்னால் நின்றிருக்கவேண்டும்.

சனிக்கிழமை ஓட்டெடுப்பு. தோற்றால் பேய்ப்படம்தானாம், அதில் நான்தான் பேயாம். பார்த்துப் போடுங்கப்பா!