இரண்டாவது திரை மட்டும் போதாது

மலேசியாவின் லங்காவியில் பாய்மரப் படகுகளுக்கு மின்கருவி பொருத்துவது என் தொழில். அந்தமானுக்கோ இலங்கைக்கோ மாலத்தீவுக்கோ கிளம்புகிறவர்கள் இங்கே தங்கிப் பழுது பார்ப்பார்கள். அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "இன்னொரு பிளாட்டர் போட்டுடுங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்."

பிளாட்டர் என்பது மின்வரைபடத்தில் படகு இருக்குமிடத்தைக் காட்டும் திரை. போட்டுத் தருவேன். முதலில் மின்பலகையைக் கழற்றி, உள்ளே அவர்களையே பார்க்கச் சொல்வேன். ஏற்கெனவே இரண்டு திரை உள்ள படகுகளில்கூட இரண்டின் சிவப்பு ஒயரும் ஒரே ஃபியூஸில் போய் முடிந்திருக்கும். உப்புக்காற்றில் அந்த முனையின் செம்பு பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிரும். அது விட்டுப்போனால் இரண்டு திரையும் சேர்ந்தே அணையும்.

ஒயரைப் பிரித்துவிடலாம். மின்னலை என்ன செய்வது? மலாக்கா நீரிணையில் அதற்குக் குறைவில்லை. பாய்மரத்தில் இறங்கினால் 12 வோல்ட்டில் ஓடும் ஜிபிஎஸ், ரேடார், ஆழம் காட்டும் கருவி, தானியங்கிச் சுக்கான் எல்லாமே ஒரு நொடியில் போய்விடலாம். அதனால்தான் மாற்றுக் கருவி வேறு மின்சாரத்தில், முடிந்தால் மின்சாரமே இல்லாமல் வேலை செய்ய வேண்டும் என்கிறேன். கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி போட்டு ஓடும் கையடக்க ஜிபிஎஸ் ஒன்று வாங்குங்கள். இடி நெருங்கும்போது அதைச் சமையலறை ஓவனுக்குள் வைத்து மூடுவது படகோட்டிகளின் வழக்கம். சுற்றியுள்ள உலோகம் உள்ளிருப்பதைக் காக்கும். காந்தத் திசைகாட்டி கட்டாயம் வேண்டும். அதன் பக்கத்தில் ஸ்பீக்கர் பொருத்தச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன், முள்ளை இழுத்துவிடும்.

காகித வரைபடமும் வேண்டும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா 2019இல் அறிவித்து, தன் பழைய காகிதக் கடல் வரைபடங்களைப் படிப்படியாக நிறுத்திவிட்டது. தேவையானதை நாமே அச்சிட்டுக்கொள்ளலாமாம். சிறிய படகுக்காரர்களை நினைத்தால் இந்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. அச்சிடும் வேலையை யாரும் கிளம்பும் அவசரத்தில் செய்வதில்லை.

கருவி பழுதாகாமலே வழி தவறுவதும் உண்டு. 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயமான வோல்வோ ஓஷன் ரேஸில் ஓடிய வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரிசியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் இரவில் மோதியது. அனுபவசாலிகள், நல்ல கருவிகள், எதற்கும் பழுதில்லை. மின்வரைபடத்தைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அங்கே திட்டு இருப்பதே அவர்கள் கண்ணில் படவில்லை. ஒன்பது பேரும் உயிர் பிழைத்தார்கள். அதே வரைபடத்தை இன்னொரு திரையில் காட்டியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

இதற்கெல்லாம் மேலாக நான் வற்புறுத்துவது லாக் புத்தகத்தை. மணிக்கொரு முறை இருக்குமிடம், திசை, வேகம், ஆழம் எழுத வேண்டும். ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் போகும் படகில் எல்லாம் அணைந்தாலும், கடைசியாக எழுதிய புள்ளியிலிருந்து ஆறு கடல் மைலுக்குள்தான் இருப்பீர்கள். அங்கிருந்து பென்சிலும் திசைகாட்டியும் போதும்.

இங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் கணவன், மனைவி இருவராகவே ஓட்டுகிறவர்கள். வரைபட வேலை பெரும்பாலும் ஒருவர் கையில்தான்; அவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் தடுமாறுவார். ஆழ்கடலுக்குப் போகுமுன் பக்கத்துத் தாய்லாந்துத் தீவான கோ லீபே வரை ஒரு பகல், திரையைத் துணியால் மூடிவிட்டு, அந்த வேலை தெரியாதவரே வழி சொல்லிக் கொண்டுபோகட்டும். தெரிந்தவர் பாயைப் பார்த்துக்கொள்ளட்டும்.