நனைந்த தானியமும் பளபளக்கும் காரும்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகப் பயணிப்போர் எவரும் அறிவர், இந்தச் சமவெளி லாரிகளின் நாடு என்பதை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், சங்ககிரியில் வரிசை வரிசையாக நிற்கும் சரக்கு லாரிகள். இங்கே பழைய லாரி வாங்கப் புறப்படுபவர் தனியே போவதில்லை. தமக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்கிறார். அவர் சேஸிஸின் அடியில் படுத்து வெல்டிங் தடயம் தேடுவார். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறையும் சூடேறிய பின் ஒருமுறையும் கேட்பார். எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் அனைத்தையும் பார்த்த பின்னரே விலைப்பேச்சு தொடங்கும்.

அதே மனிதர் தம் வீட்டிற்கு எட்டு ஆண்டுப் பழமையான பென்ஸோ, பி.எம்.டபிள்யூவோ, ஆடியோ வாங்கச் செல்லும்போது இவை அனைத்தையும் மறந்துவிடுகிறார். தோல் இருக்கையின் மணத்திலும் போனட்டின் மேலுள்ள சின்னத்திலும் மனம் மயங்கி, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார். நிக்காஹ் நெருங்கும் வீடுகளில் இந்த அவசரம் இன்னும் அதிகம். மாப்பிள்ளை இறங்கும் காரைப் பற்றி ஊர் பேச வேண்டுமாம்!

இதை எழுதும் நாமும் அந்த மயக்கத்திற்கு விதிவிலக்கு அல்லர். அதைப் பின்னர் சொல்வோம்.

முதலில் கணக்கு. ஐம்பது இலட்சத்திற்கு விற்பனையான ஒரு கார் எட்டு, பத்து ஆண்டுகளில் அதன் கால் பங்கு விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கலாம். காரின் விலைதான் இறங்குகிறது. அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. கியர்பாக்ஸும் ஏர் சஸ்பென்ஷனும் ஹெட்லைட்டும் இன்றும் ஐம்பது இலட்ச ரூபாய்க் காரின் உதிரிபாகங்களே. பெரிய பழுது என்றால் நம் பகுதியினர் பலர் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ வண்டியை ஏற்றி அனுப்ப நேர்கிறது. ஆகவே வாங்கும் விலைக்கு மேல் ஒரு நல்ல தொகையைப் பழுதுக்கென்று ஒதுக்க இயலாதவர் இந்த வண்டியை வாங்க இயலாதவரே என்பது நம் கருத்து. அந்தத் தொகைக்காகப் பின்னர் வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை வந்தால், சொகுசுக்காக ஹராமின் வாசலை நாமே திறந்துவிட்டவர்கள் ஆவோம்.

அடுத்து ஆவணங்கள். வண்டி எண்ணைக் கொண்டு அரசின் பரிவாகன் செயலியில் பார்த்தாலே, பதிவான நாள், எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா என்பவை தெரியவரும். கடன் இருந்து தீர்ந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30 வேண்டும். டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் கார்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்ற தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதனால் அங்கே விலை சரிந்த வண்டிகள் தெற்கே வந்தன. அந்த விலை உண்மையில் மலிவன்று. தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள்கால வரி கட்டிய பின்னரே கணக்கு முழுமை பெறும்.

இன்சூரன்ஸ் தாளில் ஒரு நுட்பம் உண்டு. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குத் தரப்படும் போனஸ் ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை உயரும். ஒரே உரிமையாளர் நெடுங்காலம் வைத்திருந்த வண்டியில் அது பூஜ்ஜியமாக இருந்தால், அண்மையில் ஏதோ ஓர் இழப்பீடு பெறப்பட்டிருக்கலாம். அது என்னவென்று கேளுங்கள்.

இனி வண்டி. காலையில், முன்னறிவிப்பின்றிச் செல்லுங்கள். போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். பல கோளாறுகளைக் குளிர்ந்த எஞ்சின் முதல் அரை நிமிடத்திலேயே சொல்லிவிடும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். அது எரியவே இல்லை என்றால் கோளாற்றை மறைக்க விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கக் கூடும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் உற்பத்தி வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் ஏன் ஐந்து டயர்களும் புதியவை என்று கேட்பதில் தவறில்லை. கண்ணாடிகளிலும் உற்பத்திக் குறி உண்டு. ஒன்று மட்டும் வேறு ஆண்டைக் காட்டினால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் குறித்து எச்சரிக்கை தேவை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அவை யாவும் உடைப்புக் கடைக்குச் சென்றன என்று எண்ணுவது வெகுளித்தனம். சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை, சேற்றுக் கறை அங்கேதான் தங்கும். இருக்கையின் அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு, தரைவிரிப்பின் கீழ் ஈரம், ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் ஆகியவையும் சாட்சி சொல்லும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நம் ஊரைப் போன்ற இடம் வேறில்லை. நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். பின்னர், உரிமையாளர் சம்மதித்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு மலைப்பாதையில், சித்திரை வெயிலில், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். எஞ்சினின் வெப்பம், குளிரூட்டும் நீரின் கசிவு, கியர் மாறும்போது வரும் உதறல், இறங்கும்போது பிரேக்கின் நடுக்கம் எல்லாம் வெளிப்படும். அதன் பின்னும் திருப்தி இருந்தால், அந்த நிறுவன வண்டிகளைப் பழகிய மெக்கானிக்கிடம் ஸ்கேன் செய்யுங்கள். மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை மாற்றுவது எளிது. ஆனால் இத்தகைய வண்டிகள் பலவற்றில் அந்த எண் வேறு கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் பதிவாகிறது. அவை அனைத்தையும் மாற்ற மோசடிக்காரர் பலர் சிரமப்படுவதில்லை.

இவையெல்லாம் வாங்குபவரின் கடமை. விற்பவரின் கடமை இதைவிடப் பெரிது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்ட செய்தியை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மழையில் நனைந்தது வியாபாரியின் குற்றமன்று, மறைத்ததுதான் குற்றம். 62,000 என்று மீட்டரைத் திருத்துபவர் செய்வது அதே செயல்தான். ஈரத்தின் மேல் உலர்ந்த தானியத்தைப் பரப்புகிறார். "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது இதற்குப் பதிலாகாது. இரு பக்கமும் கமிஷன் பெறும் தரகர், அதை இரு பக்கமும் சொல்லாமல் இருப்பதும் நேர்மையன்று.

நம் ஃபிக்ஹில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு உண்டு. விற்பனைக்கு முன்பே இருந்து மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பித்தரும் உரிமை அவருக்கு உண்டு. நிபந்தனையிட்டு மூன்று நாள் அவகாசம் பெறுவதை ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. அந்த மூன்று நாளை ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள். நேர்மையானவர் தயங்கமாட்டார், தயங்குபவரைப் பற்றி நாமும் தயங்கலாம்.

இப்போது நம் கதை. நம் வீட்டில், வெளிநாட்டில் பதினான்கு ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய தமையனார், அத்தாவை ஹாஸ்பிட்டலுக்கு வசதியாக அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஒரு ஜெர்மானியக் காரை வாங்கினார். விற்றவரைத் தெரிந்தவர் ஒருவரே அறிமுகம் செய்ததால் ஸ்கேன் எதுவும் செய்யவில்லை. நாமும் வேண்டாம் என்றோம். நான்காம் மாதம், சூடேறியதும் கியர்பாக்ஸ் உதறத் தொடங்கியது. ஸ்கேன் செய்தபோது மீட்டர் காட்டிய 62,000 உள்ளே 1,41,000 ஆக இருந்தது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

அதன் பின் வீட்டில் நடந்த பேச்சே நம்மை இதை எழுதத் தூண்டியது. குளிர்ந்த நிலையில் வண்டி அழகாக ஓடியது. காலையில் காட்டி மாலைக்குள் விற்றுவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். ஏமாற்றப்பட்டவர்கள்தாமே நாம் என்ற நியாயமும் அதில் இருந்தது. தமையனார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பின் அத்தா அவரை அழைத்து, "அவன் நம்மகிட்ட மறைச்சதை நீ இன்னொருத்தன்கிட்ட மறைக்கப் போறியாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஸ்கேன் தாளைக் காரின் முன்கண்ணாடியில் வைத்தே தமையனார் வண்டியைக் காட்டினார். மூவர் பார்த்துவிட்டுப் போனார்கள். நான்காவதாகச் சங்ககிரிப் பக்கமிருந்து வந்த மெக்கானிக் ஒருவர், தாளை இருமுறை படித்துவிட்டு, வாங்கிய விலையில் ஏறத்தாழ பாதிக்குக் கேட்டார். தமையனார் சாவியைக் கொடுத்தார். இப்போது அத்தாவை ஹாஸ்பிட்டலுக்கு ஆறாண்டுப் பழமையான ஒரு சிறிய காரில் அழைத்துச் செல்கிறோம். அவர்கள் முன் இருக்கையில் அமர்ந்து ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்கிறார்கள்.