ஒல்லி லேப்டாப்: எடையைப் பார்க்கும் நாம் சூட்டையும் பார்க்க வேண்டாமா?

புதிதாக லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் "ராம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி?" என்றுதான் கேட்பார்கள். இப்போது முதல் கேள்வியே "ஸ்லிம்மா இருக்குமா, வெயிட் எவ்வளவு?" என்பதாகிவிட்டது. விழுப்புரம், திண்டிவனம் கடைகளிலும் விற்பனையாளர் முதலில் செய்வது, லேப்டாப்பை ஒரே கையால் தூக்கி நம் கையில் கொடுப்பதுதான். கையில் வாங்கியவுடன் பாதி மனது கரைந்துவிடுகிறது.

சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன். ஒல்லி லேப்டாப் மோசமானதல்ல. தினமும் பையில் போட்டுத் தூக்கிச் செல்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் வீட்டு மேஜையிலேயே இருக்கப்போகும் ஒரே கம்ப்யூட்டருக்கு, அதுவும் ஏசி இல்லாத நம் ஊர் வீட்டில், ஒல்லி என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தேவையற்ற செலவு. ஏன் என்று பார்ப்போம்.

ஒல்லியாக்க எதை எடுத்தார்கள்?

2008 ஜனவரி 15 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் லேப்டாப்பை உருவிக் காட்டினார். எடை 1.36 கிலோ. உலகமே வியந்தது. ஆனால் அதில் டிவிடி டிரைவ் இல்லை. நெட்வொர்க் கேபிள் செருக இடமில்லை. யுஎஸ்பி போர்ட் ஒன்றே ஒன்றுதான். 2 ஜிபி ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்ததால், பின்னர் கூட்ட முடியாது. விலை குறைந்த மாடலில் இருந்த 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் நிமிடத்திற்கு 4,200 முறை மட்டுமே சுழன்றது. மற்ற லேப்டாப்களில் அப்போது 5,400 சுற்று என்பது சாதாரணம்.

2011ல் இன்டெல் நிறுவனம் 'அல்ட்ராபுக்' என்ற பெயரை அறிமுகப்படுத்தியது. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின. இன்று ஒல்லி லேப்டாப்களின் வேகம் வெகுவாகக் கூடிவிட்டது. சுழலும் ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்துவிட்டது. 2020 நவம்பரில் வந்த எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏரில் மின்விசிறியே இல்லை. சிப் குறைவான மின்சாரத்தில் இயங்குவதால் அன்றாட வேலைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் 2008லிருந்து இன்று வரை மாறவில்லை. சிப் சாப்பிடும் மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். பெட்டி ஒல்லியாக ஆக, அந்தச் சூடு வெளியேற இடமும் காற்றும் குறைகின்றன.

முதல் நிமிடமும் பத்தாவது நிமிடமும்

விளம்பரத்தில் "4.4 கிகாஹெர்ட்ஸ் வரை" என்று போட்டிருப்பார்கள். இதில் 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2022ல் வந்து, பல ஒல்லி லேப்டாப்களில் இடம் பெற்ற இன்டெல் கோர் ஐ5 1235யூ ப்ராசசரை எடுத்துக் கொள்வோம். இதன் உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் இதன் முக்கிய கோர்களின் அடிப்படை வேகம் 1.3 கிகாஹெர்ட்ஸ்தான். உச்ச வேகத்தில் 55 வாட் வரை மின்சாரம் எடுக்கலாம். அடிப்படை அளவு 15 வாட்.

பைல் ஒன்றைத் திறக்கும்போது ப்ராசசர் சில நொடிகள் உச்ச வேகத்தில் பாய்கிறது. வேலை முடிந்ததும் ஓய்வெடுக்கிறது. வேலை தொடர்ந்து நீடித்தால் சூடு ஏறும். தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசசர் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். எவ்வளவு குறையும் என்பது மின்விசிறி, செம்புக் குழாய், காற்றுத் துளை ஆகியவற்றைப் பொறுத்தது. எனவே ஒரே ப்ராசசர் போட்ட இரண்டு லேப்டாப்களில் முதல் நிமிடம் வேகம் சமமாக இருக்கும். பத்தாவது நிமிடம் தடிமனானது முன்னால் போகலாம்.

பைக் வாங்கும்போது கம்பெனி சொல்லும் மைலேஜை யாரும் அப்படியே நம்புவதில்லை. "நம்ம ரோட்டுல எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்கிறோம். லேப்டாப்புக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

நம் ஊர் வெயில்

ஆப்பிள் தன் மேக்புக் லேப்டாப்களுக்குச் சொல்லும் இயங்கும் சூழல் 10 முதல் 35 டிகிரி செல்சியஸ். வேறு பல நிறுவனங்களும் 35 டிகிரியைத்தான் உச்ச வரம்பாகக் குறிப்பிடுகின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மே மாத மதியம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தொடும் நாட்களில், தளம் போட்ட வீட்டின் மாடி அறை அடுப்படி போல இருக்கும். லேப்டாப்பின் மின்விசிறி வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றே சூடாக இருந்தால் அது எதைக் குளிர்விக்கும்? கடையில் ஏசி அறையில் பார்த்த வேகம் வீட்டில் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

திண்டிவனத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணன் ஒல்லி லேப்டாப்பில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறார். "தம்பி, காலையில பறக்குது, மத்தியானம் ஆனா படுத்துக்குது" என்றார். போய்ப் பார்த்தேன். கீறல் விழக்கூடாதென்று மெத்தென்ற வெல்வெட் துணி மேல் வைத்திருந்தார். அடியில் இருந்த காற்றுத் துளை முழுவதும் அடைபட்டிருந்தது. துணியை எடுத்துவிட்டு மேஜை மேல் வைத்ததும் ஓரளவு சரியானது. ஆனாலும் மணிக்கணக்கில் வீடியோ மாற்றும் வேலைக்கு அந்த லேப்டாப் செய்யப்படவில்லை. பெரிய மின்விசிறி உள்ள லேப்டாப்போ, டெஸ்க்டாப்போதான் அவருக்கு ஏற்றது.

உங்கள் வேலை எந்த வகை?

வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இன்டர்நெட் பார்ப்பது, இமெயில், வேர்ட், எக்ஸெல், தமிழ் டைப்பிங், டேலி கணக்கு, பாட்டு, சினிமா ஆகியவை பெரும்பாலும் விட்டு விட்டு வரும் வேலைகள். இவற்றில் நல்ல ஒல்லி லேப்டாப் எந்தக் குறையும் வைக்காது. வீடியோ எடிட்டிங், பெரிய கேம், ஏராளமான போட்டோக்களை ஒரே மூச்சில் மாற்றுவது, முழு வைரஸ் ஸ்கேன், மணிக்கணக்கான வீடியோ கால் ஆகியவை தொடர் வேலைகள். ஒல்லி லேப்டாப் மூச்சு வாங்குவது இங்கேதான்.

அன்றாட வேலையில் நீங்கள் உணரும் வேகம் ப்ராசசரை விட ராமையும் எஸ்எஸ்டியையும்தான் அதிகம் சார்ந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஒல்லி' என்ற ஒரே பெயரில் இரண்டு ரகம் விற்கப்படுகிறது. ஒன்று, நல்ல ப்ராசசரும் எஸ்எஸ்டியும் உள்ளது. மற்றொன்று, செலரான் ப்ராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி மெமரி என்று விலை குறைத்துச் செய்தது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும்தான். அதாவது குறைந்தபட்சத்திலேயே நிற்கிறீர்கள். சில அப்டேட் வந்தாலே இடம் நிறைந்துவிடும். 2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கிய லேப்டாப்பிலேயே 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உண்டு. காசு கொடுத்து அதற்கும் கீழே வாங்கலாமா? வெளித்தோற்றத்தில் இரண்டு ரகமும் ஒன்று போலவே இருக்கும். பெட்டியில் உள்ளதைப் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பேட்டரி கணக்கு

"10 மணி நேரம் நிற்கும்" என்பதையும் சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியின் அளவு வாட் ஹவரில் எழுதப்பட்டிருக்கும். 50 வாட் ஹவர் பேட்டரி என்று வைத்துக் கொள்வோம். டைப்பிங் மட்டும் செய்யும்போது லேப்டாப் 6 வாட் எடுத்தால், 50ஐ 6ஆல் வகுக்க எட்டு மணி நேரத்திற்கு மேல் வரும். ஸ்கிரீன் வெளிச்சத்தைக் கூட்டி வீடியோ காலில் பேசி 20 வாட் எடுத்தால் இரண்டரை மணி நேரம்தான். மேலும் லித்தியம் அயன் பேட்டரி, சூட்டில் சீக்கிரம் மூப்படையும். ஒல்லி லேப்டாப்பில் பேட்டரி உள்ளே திருகப்பட்டோ ஒட்டப்பட்டோ இருப்பதால் நாமே கழற்றி மாற்றவும் முடியாது.

பழுது பார்ப்பதிலும் இதே கதைதான். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15ல் தொடங்கியது. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்ததே அப்படித்தான். அந்தக் காலத்து லேப்டாப்கள் தடிமனானவை, கனமானவை. ஆனால் பேட்டரியைக் கழற்றலாம். ராம் கூட்டலாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம். உள்ளூர் மெக்கானிக்கே ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார். இன்றைய பல ஒல்லி லேப்டாப்களில் ராம் மதர்போர்டோடு சேர்ந்தே வருகிறது. வாங்கும் அன்று எடுத்த முடிவுதான் கடைசி வரை. மகளின் நான்கு வருடப் படிப்புக்கென்று சேமித்த பணத்தில் வாங்கும் குடும்பத்திற்கு இது சிறிய விஷயமல்ல.

யார் வாங்கலாம்?

விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ செங்கல்பட்டு, தாம்பரம் என்று தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறீர்களா? ஒல்லி லேப்டாப்பே வாங்குங்கள். நின்று கொண்டே பயணம் செய்யும் நாளில் தோளில் ஒரு கிலோ குறைவது என்ன என்பது எனக்கும் தெரியும். ஆனால் சார்ஜரின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ராம் 16 ஜிபி உள்ளதாகப் பாருங்கள். யுஎஸ்பி சி வழியே சார்ஜ் ஆனால் ஒரே சார்ஜர் போனுக்கும் உதவும்.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் போன்றவற்றில் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்றரை கிலோ அளவில், மின்விசிறி உள்ள, ராம் கூட்ட வசதி உள்ள லேப்டாப் நல்ல நடுவழி. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்த ஒன்று வேண்டும் என்றால் சற்றுத் தடிமனானதை வாங்கி, மிச்சப் பணத்தில் ராமைக் கூட்டுங்கள். பேக்கப் எடுக்க ஒரு எக்ஸ்டர்னல் டிரைவும் வாங்கலாம்.

கடையில் பத்து நிமிடம்

வாங்கும் முன் டெமோ லேப்டாப்பில் இதைச் செய்து பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். அதில் பெர்பார்மென்ஸ் பிரிவில் சிபியூ வேகம் கிகாஹெர்ட்ஸில் தெரியும். கடைக்காரரின் அனுமதியுடன், பென் டிரைவில் கொண்டுபோன பெரிய போட்டோ போல்டரை அதில் காப்பி செய்து, ஜிப் பைலாகச் சுருக்கக் கட்டளை கொடுங்கள். கூடவே பிரவுசரில் ஒரு வீடியோவை ஓட விடுங்கள். பத்து நிமிடம் கழித்து மூன்றைக் கவனியுங்கள். வேகம் எவ்வளவு இறங்கி நிற்கிறது? கீ போர்டு மேல் கை வைக்க முடிகிறதா? மின்விசிறி எவ்வளவு இரைச்சல் போடுகிறது? வேகம் கொஞ்சம் குறைவது இயல்பு. வேலை முடியும் முன்பே பாதிக்கும் கீழே இறங்கி அங்கேயே நின்றால், ஏசி இல்லாத உங்கள் வீட்டில் அது இன்னும் மோசமாகும் என்று புரிந்து கொள்ளுங்கள்.

ஏற்கனவே ஒல்லி லேப்டாப் வாங்கிவிட்டீர்களா? கவலை வேண்டாம். மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். மேஜை இல்லாவிட்டால் பிள்ளைகளின் பரீட்சை அட்டையை அடியில் வையுங்கள். பின்பக்கம் சற்றே உயர்ந்தால் இன்னும் நல்லது. வீடியோ மாற்றுவது போன்ற கனமான வேலைகளைக் காலையிலோ இரவிலோ செய்யுங்கள். வருடம் ஒரு முறை தெரிந்தவரிடம் கொடுத்துத் தூசி எடுக்கச் சொல்லுங்கள்.

நிறுவனங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எடையைக் கிராம் கணக்கிலும் தடிமனை மில்லிமீட்டர் கணக்கிலும் அச்சிடுகிறீர்கள். 40 டிகிரி வெயிலில் அரை மணி நேரம் ஓடிய பின் என்ன வேகம் என்பதையும் பெட்டியின் மேல் அச்சிடுங்கள். அது வரும் வரை, வாங்கும் நாம்தான் கடையில் பத்து நிமிடம் கூடுதலாக நின்று பார்த்து வாங்க வேண்டும்.