நள்ளிரவு வர்த்தமானியும் சீனி மூட்டையும்



நிலையான அரசாங்கம் அமைந்துவிட்டால் முதலீடு தானாக வரும், தனியார் துறை தழைக்கும் என்று இலங்கையில் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நடந்தவை அப்படிச் சொல்லவில்லை. 2020 ஒக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் நிறைவேறிய மாதம் அது. அந்த மாதம் 13ஆம் திகதி வந்த ஒரு வர்த்தமானி, இறக்குமதிச் சீனி மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கியது. அரசுக்கு ஏறத்தாழ 16 பில்லியன் ரூபாய் வருமானம் போயிற்று. கடையில் சீனி விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளைக்குத் தடை, நவம்பரில் தடை நீக்கம். ஆட்சி ஆடவில்லை, கொள்கைதான் ஆடியது.

இதை வியாபாரியின் பக்கமிருந்து பாருங்கள். கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரி நாணயக் கடிதம் (எல்.சி.) திறந்து சரக்கு துறைமுகம் சேர வாரக்கணக்கில் ஆகும். 25 தொன் சீனி ஏற்றிய ஒரே ஒரு கொள்கலனில் அந்த 49 ரூபாய் 75 சத வித்தியாசம் 12 இலட்சத்து 43 ஆயிரத்து 750 ரூபாய். செய்தி முன்கூட்டியே காதில் விழுந்தவன் பிழைத்துக்கொள்வான். மற்றவன் நட்டத்தை எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். இப்படியொரு சந்தையில் தொழிற்சாலை கட்டுவதைவிட அமைச்சின் வாசலில் ஓர் ஆளை நிறுத்தி வைப்பது இலாபகரமான முதலீடு! அமைச்சர் நாடாளுமன்றத்தின் முன்அனுமதியின்றி வரியை மாற்றும் அதிகாரத்தை நீக்க வேண்டும், இல்லையேல் இறுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியத்தின் ஆளுகை அறிக்கை 2023 செப்டம்பரில் சொன்னது. மை காய்வதற்குள், நவம்பரில், அதே சீனியின் அறவீடு 25 சதத்திலிருந்து மறுபடியும் 50 ரூபாயானது. அதுவும் வர்த்தமானி மூலம்தான்.

யாழ்ப்பாணத்து உருளைக்கிழங்கும் தம்புள்ளைப் பெரிய வெங்காயமும் சந்தைக்கு வரும்போது விவசாயியைக் காக்க, வரியை உடனே மாற்றும் இந்த அதிகாரம் அமைச்சருக்கு வேண்டும் என்பார்கள். கவலை நியாயமானது. ஆனால் அறுவடை எந்த மாதம் என்பது அரச இரகசியமா? பருவ வரியை ஆண்டின் தொடக்கத்திலேயே அட்டவணையாக அறிவித்துவிட்டால் விவசாயிக்கும் தைரியம், இறக்குமதியாளருக்கும் கணக்கு. திடீர்ப் பஞ்சம், வெள்ளம் என்று வந்தால் குறுகிய காலக்கெடுவோடு ஓர் அவசரக் கட்டளை போடலாம். நாடாளுமன்றம் சில நாட்களுக்குள் ஏற்காவிட்டால் அது தானாகவே இல்லாமற்போக வேண்டும். மக்கள் தெரிந்தெடுத்த அமைச்சரின் கையைக் கட்டுவது ஜனநாயகமா என்ற கேள்வியும் எழும். அரச நிதியின் முழுக் கட்டுப்பாட்டை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை அமைச்சருக்கு அல்ல, நாடாளுமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது.

கட்டுப்பாடு பலிக்கும் என்பதற்கு மத்திய வங்கியே சான்று. அரசாங்கத்துக்காகப் பணம் அச்சிடுவதை 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் தடுத்தது. 2024 செப்டம்பரில் ஜனாதிபதி மாறினார். ஆளுநரும் 5 வீதப் பணவீக்க இலக்கும் மாறவில்லை, ரூபாயும் அப்போது சரியவில்லை. சுயாதீனம் என்றால் கேட்பாரில்லை என்று பொருளல்ல. அந்த வங்கி தன் ஊழியர் சம்பளத்தை 70 வீதம் வரை உயர்த்தியபோது நாடாளுமன்றம் கேள்வி கேட்டது சரியே. கேள்வி கேட்க முடிகிற நிறுவனம் ஒன்று இருப்பதும், இரவில் வந்து காலையில் அமுலாகும் தாளொன்று இருப்பதும் ஒன்றல்ல.

225 ஆசனங்களில் 159ஐ வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு, இந்த அதிகாரத்தைத் தரும் 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தை முற்றாக நீக்க ஒரு நாள் விவாதம் போதும். ஓரிரு பொருட்களை மட்டும் அதிலிருந்து கழற்றிக்கொண்டிருக்காமல், அந்த நாளை எப்போது ஒதுக்கப்போகிறது என்று நிதி அமைச்சு திகதியோடு பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வவுனியா.