மூன்றாவது புகைப்படம்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை விளம்பரங்களில் இரண்டு புகைப்படங்கள் இருக்கும். முதல் படத்தில் ஒரு பெண் தொளதொள சுடிதாரில் தலை குனிந்து நிற்பாள். இரண்டாவதில் அதே பெண் தன் பழைய பேண்ட்டின் இடுப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த இரண்டாவது படம் பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டில் எடுத்ததாக இருக்கும். எடை மிகவும் குறைந்திருக்கும் காலம் அதுதான். ஐந்தாவது ஆண்டில் அவள் எப்படி இருக்கிறாள் என்று காட்டும் மூன்றாவது படத்தை நான் எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை.

அந்த மூன்றாவது படம் நான்தான். ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 36 கிலோ குறைந்தேன். அதில் 14 கிலோ திரும்பி வந்துவிட்டது.

“அவ்வளவு காசைக் கொட்டியும் வாயைக் கட்ட முடியலையா?” என்று கல்யாணப் பந்தியில் என் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார் அத்தை. மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்துச் சில ஆண்டுகளில் மறுபடியும் அடைப்பு வந்தபோது, “பாவம், என்ன கெட்ட நேரமோ” என்று அழுதவரும் இதே அத்தைதான். மாமா கடைசிவரை சிகரெட்டை விடவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆணுக்கு நோய் திரும்பினால் கெட்ட நேரம். பெண்ணுக்கு எடை திரும்பினால் வாய்க்கொழுப்பு.

உண்மையில் என்ன நடக்கிறது? ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்படுகிறது. கிரெலின் என்ற பசி ஹார்மோனை அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போகிறது. அதனால்தான் முதல் ஆண்டில் பசியே தெரிவதில்லை. ஆனால் எடை குறைந்ததை உடல் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. செலவழிக்கும் ஆற்றலைச் சுருக்குகிறது, பசியை மெல்ல மெல்ல மீட்டெடுக்கிறது. எஞ்சிய இரைப்பையும் நாளடைவில் சற்று விரியலாம். கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் காலம், தூக்கமின்மை, இன்சுலின், ஸ்டீராய்டு, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடும். இந்தப் பட்டியலில் திமிர் எங்கே இருக்கிறது?

ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒன்று இதை எண்களில் சொல்கிறது. பைபாஸ் முறையில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாவது ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. கொஞ்சம் திரும்பி வருவதுதான் சராசரி. ஆனாலும் அறுவை சிகிச்சை பெற்றவர்களிடையே மரணங்கள் குறைவாகவே இருந்தன. ஆக, 14 கிலோ திரும்பிய நான் தோற்றவள் அல்ல. 22 கிலோ குறைந்த உடலோடு, சர்க்கரை கட்டுக்குள் இருக்க, வாழ்ந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கணக்கைப் பந்தியில் யாரும் போடுவதில்லை.

2022இல் உலகில் உடல் பருமனோடு வாழ்ந்த பெண்கள் 50 கோடிக்குச் சற்று மேல். ஆண்கள் 37 கோடிக்குச் சற்று மேல். ஆனால் இந்த அறுவை சிகிச்சைக்கு வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பெண்கள். இந்த வித்தியாசத்தை நோயை வைத்து மட்டும் விளக்க முடியாது. கல்யாணச் சந்தையும் கண்ணாடியும் கணவனின் கிண்டலும் சேர்ந்துதான் நம்மை அந்த மேசைக்கு அனுப்புகின்றன.

திரும்பி வந்ததும் கையில் ஒரு தாள் தருகிறார்கள். புரதத்தை முதலில் சாப்பிடு, நன்றாக மென்று அரை மணி நேரம் எடுத்துக்கொள், சாப்பாட்டுக்கு இடையே தண்ணீர் குடிக்காதே. எல்லாமே சரியான அறிவுரைதான். ஆனால் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிக்கு அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறவளுக்கு அரை மணி நேரத்தை யார் தருவார்கள்? முட்டையும் மீனும் கணவன் தட்டுக்கும் பிள்ளைகள் தட்டுக்கும் போனபின் சட்டியில் மிஞ்சுவது குழம்புதான். குழந்தை வைத்த மிச்சத்தைக் கொட்ட மனம் வராமல் விழுங்குகிறாள். இரவு சோர்ந்துபோய் டீயில் பிஸ்கட்டை நனைக்கிறாள். சுருங்கிய இரைப்பையிலும் அது சிரமமில்லாமல் இறங்கிவிடும். வயிற்றை மட்டும் வெட்டிவிட்டு வீட்டை அப்படியே விட்டுவிட்டோம்.

இதில் மிக ஆபத்தானது வெட்கம். எடை ஏறத் தொடங்கியதும் நான் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தினேன். தராசில் ஏறினால் திட்டுவார்கள் என்று பயம். இரண்டு ஆண்டுகள் ரத்தப் பரிசோதனையே இல்லை. சத்து மாத்திரைகளையும் விட்டுவிட்டேன். பாதத்தில் ஊசி குத்துவதுபோல் தொடங்கி மதமதத்துப் போன பிறகே ஓடினேன். வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகியிருக்கலாம் என்றார் மருத்துவர். 14 கிலோ என்னை அந்த நிலைக்குத் தள்ளவில்லை. அவமானம்தான் தள்ளியது.

பெண்ணியத் தோழிகள் சிலரிடமும் எனக்கு வழக்கு உண்டு. “உன் உடலை நீயே ஏற்றுக்கொண்டிருக்கலாமே, ஏன் கத்தியிடம் போனாய்?” என்கிறார்கள். சர்க்கரையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருந்தவளுக்கு ‘ஏற்றுக்கொள்’ என்பது சிகிச்சை ஆகாது. என் உடல்மீது எனக்குள்ள உரிமையில் சிகிச்சை எடுக்கும் உரிமையும், அதன் முடிவுக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காத உரிமையும் அடக்கம். அத்தை வாயைக் குறை சொல்கிறார், தோழி கொள்கையைக் குறை சொல்கிறார். இருவர் முன்னாலும் நான்தான் குற்றவாளி.

இப்போது ஊசி மருந்துகளுக்கும் இதே மயக்கம் பரவுகிறது. செமாக்ளூடைடை நிறுத்திய ஓர் ஆண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ரத்த அழுத்தத்தைப்போல உடல் பருமனும் நீண்டகாலம் கவனிக்க வேண்டிய நிலை என்று சொல்லாமல் விற்றால், நாளை இன்னும் பல பெண்கள் பந்தியில் தலை குனிவார்கள்.

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது இதுதான்: எடை ஓரளவு திரும்பக்கூடும் என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே தமிழில் எழுதிக் கொடுங்கள். ஐந்தாம் ஆண்டுக்கான திட்டத்தையும் அதன் செலவையும் சொல்லுங்கள். கணவனையும் மாமியாரையும் உட்காரவைத்து, அந்தத் தாள் வீட்டில் எல்லாருக்கும் உரியது என்று விளக்குங்கள். தராசில் ஏறுகிறவளைத் திட்டாதீர்கள்.

எடை திரும்பிய தோழிகளுக்கு: ஆண்டுதோறும் பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் பாருங்கள். எடை ஏறுவது மருத்துவரைப் பார்க்கப் போவதற்கான காரணம், ஒளிவதற்கானது அல்ல. மருந்து உண்டு, தேவைப்பட்டால் மறு அறுவை சிகிச்சையும் உண்டு, எதுவும் செய்யாமல் இப்படியே நலமாக இருப்பதும் ஒரு முடிவுதான். அதை நீங்கள் எடுங்கள்.

அடுத்த கல்யாணத்தில் நான் முதல் பந்தியில் உட்காருவேன். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, மெதுவாக மென்று சாப்பிடுவேன். இலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.